நூறு சதுர சென்டிமீட்டர் பனியன் துணி

நான் கணக்கு டீச்சர் ஆனதுக்குப் பின்னால் சொல்லிக்கொள்ளும்படி கதை ஒன்றும் கிடையாது. அப்பா பனியன் கம்பெனியில், பவர் டேபிளில் ஓவர்லாக் டெய்லர். அம்மா செக்கிங், அதாவது தைத்து வந்த பீஸில் குறை பார்க்கும் வேலை. நான் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசருக்கு அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தேன். பையர் மெயிலுக்குப் பதில் போட வேண்டும், சாம்பிளுக்குப் பின்னால் ஓட வேண்டும், ஷிப்மென்ட் நெருங்கினால் ராத்திரி பேக்கிங் செக்ஷனில் நிற்க வேண்டும். வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. வீட்டில்தான், "பத்து மணிக்கு வீட்டுக்கு வர்ற வேலை பொம்பளப் புள்ளைக்குச் சரிப்படாது, பி.எட். படி" என்று பிடிவாதம். சண்டை போடத் தெம்பில்லாத ஒரு மாதத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். அப்போது பி.எட். ஒரே வருஷம். இப்போது போல இரண்டு வருஷமாக இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனா, தெரியாது.

2013 ஆகஸ்ட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் எழுதினேன். 150 கேள்விகள். அதில் கணிதமும் அறிவியலும் 60, மீதி குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம். 90 எடுத்தால் தேர்ச்சி. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதை 82 என்று பிறகு தளர்த்தினார்கள். தேர்ச்சி பெற்றால் வேலை என்று அர்த்தம் இல்லை. வெயிட்டேஜ் என்று ஒன்று இருந்தது: தகுதித் தேர்வுக்கு 60, பி.எட்.டுக்கு 15, டிகிரிக்கு 15, பிளஸ் டூவுக்கு 10. பதினேழு வயதில் பிளஸ் டூ பரீட்சையில் விட்ட மார்க் அத்தனை வருஷம் கழித்து வந்து தசம ஸ்தானத்தில் உட்கார்ந்துகொண்டது. ஒருவழியாக 2014 செப்டம்பரில், எங்கள் மாவட்டத்திலேயே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் பட்டதாரி ஆசிரியராக ஆணை கிடைத்தது. அப்பா அன்றைக்கு அரை ஷிப்ட் லீவு போட்டார். அதுவே எங்கள் வீட்டில் பெரிய விழா.

பி.எட்.டில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒரு சமாச்சாரம் உண்டு. கூடப் படிக்கிறவர்களையே மாணவர்களாக உட்கார வைத்து ஆறு நிமிஷம் பாடம் எடுக்க வேண்டும். தொடங்கும் திறன், கிளர்வினாத் திறன், வலுவூட்டும் திறன் என்று ஒவ்வொரு தடவைக்கும் ஒரு திறன். எதிரில் இருப்பவர்கள் எல்லாரும் டிகிரி முடித்தவர்கள், அடுத்து அவர்களும் எடுக்கப்போகிறவர்கள். அதனால் நாம் கேட்டதும் கை தூக்கி அழகாகப் பதில் சொல்வார்கள். "மிக நன்று" என்று வலுவூட்டிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ரெக்கார்டில் அழகழகாகச் சார்ட் வரைந்ததில் எனக்கு நல்ல மார்க்.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட், தகர ஷீட் போட்ட ரூம். அங்கே கை தூக்க ஒருவரும் இல்லை. சத்தம் போட்டிருந்தால்கூட அதட்டியிருக்கலாம். சத்தமே போடவில்லை. நான் போர்டில் எழுதினேன், அவர்கள் நோட்டில் எழுதினார்கள். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுதுங் மிஸ்" என்று ஒரே ராகத்தில் வரும். அந்த ராகத்தை நானும் படிக்கும்போது பாடியவள்தான். அதற்கு 'அடுத்ததுக்குப் போங்க' என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது.

எங்கள் பள்ளியில் ஒரு சீனியர் கணக்கு டீச்சர் இருக்கிறார். பக்கத்து ரூம். நடுவில் இருந்த சுவர் முழுசாக மேலே வரைக்கும் போகாததால் நான் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கும். ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்: "ஏங்கண்ணு, நீயே கேட்டு நீயே பதில் சொல்லிக்கிட்டா அப்புறம் அதுக எதுக்கு வாயத் தொறக்கோணும்? கேள்வி கேட்டுட்டு சாக்பீஸைக் கீழ வெச்சுரு. கையில சாக்பீஸ் இருந்தா நம்ம வாய் சும்மா இருக்காது."

இதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து கேட்டு, 1970-களில் எழுதினார்: கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடிதான், அதை மூன்று விநாடிக்கு நீட்டினாலே பிள்ளைகளின் பதில்கள் நீளுகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். எங்கள் டீச்சர் அதைப் படித்தவரில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துப் பார்த்தவர். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்களில் ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிறவர்கள் எல்லாரும் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்றாகிவிட்டதில், எனக்குப் பாடம் எடுக்கக் கற்றுக்கொடுத்த அந்த டீச்சரும் இப்போது மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைடு வைத்துக்கொண்டு குழந்தை மேம்பாடு படிக்கிறார். அதைப் பற்றி என்னிடம் நிறைய அபிப்பிராயம் இருக்கிறது. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மூன்று விநாடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது. நின்று பாருங்கள். அந்த அமைதியில் ஃபேன் சத்தம் கேட்கும், யாரோ ஒருத்தன் பேனா மூடியைக் கடிப்பது கேட்கும், வயிறு கலங்கும். முதல் சில வாரங்கள் சாக்பீஸைக் கீழே வைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்றால் நான் கேட்டதெல்லாம் கேள்வியே இல்லை. "அப்ப இங்க எக்ஸை அந்தப் பக்கம் கொண்டு போனா என்ன ஆகும்?" என்று கேட்டால், "மைனஸ்" என்று யாராவது சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நான் போர்டில் எழுதப்போவது மைனஸ்தான். அது அவர்களுக்கும் தெரியும். தன் பதிலால் போர்டில் ஒரு எழுத்துகூட மாறாது என்று தெரிந்த பிள்ளை ஏன் பதில் சொல்ல வேண்டும்?

இதற்கு நடுவில் பத்தாம் வகுப்பு. அது வேறு உலகம். அங்கே ஒரே கணக்குத்தான்: நூற்றுக்கு 35. நூறு மார்க்கில் ஒரு மார்க் கேள்விகள் 14. எட்டு மார்க் கேள்வி இரண்டு, ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம், ஆக 16. இரண்டும் சேர்ந்தால் 30. மிச்சம் ஐந்துக்கு இரண்டு மார்க்கில் மூன்று. மெல்லக் கற்போர் என்று பட்டியல் போட்டு, காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், புத்தகத்தின் பின்பக்க ஒரு மார்க்கைத் திரும்பத் திரும்ப எழுத வைத்து, வடிவொத்த முக்கோணமும் தொடுகோடும் தூக்கத்தில் எழுப்பினாலும் வரையும்படி ஆக்குவது. ரிசல்ட் அன்றைக்கு ஹெச்.எம். சாருக்கு மேலிடத்திலிருந்து வரும் போன், பிறகு எங்களை அவர் கூப்பிடும் தொனி, எல்லாம் அந்த 35-ல் தொங்குகிறது.

படித்தவர்கள் பலர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். நான் சுளிப்பதில்லை. 34 மார்க்கோடு நின்றுபோன பிள்ளை மறுநாளே பனியன் கம்பெனியில் பிசிர் நூல் வெட்டப் போவதை என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். தவிர, இந்த மனப்பாட வேலையில் எதிர்பாராத ஒன்று நடந்தது. பெருக்கல் வாய்ப்பாடே தகராறு என்று பட்டியலில் இருந்த பையன்கள் சிலர் காம்பஸைக் கையில் எடுத்தால் பிசிறில்லாமல் வரைந்தார்கள். கோடு நடுங்காது, பென்சில் அழுத்தம் மாறாது. அவர்களோடு உட்கார்ந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தனும் அப்படித்தான். அவனிடம், "எங்கடா கத்துக்கிட்ட?" என்றேன். அவன் பெரியப்பா கட்டிங் மாஸ்டர். லீவில் அவர் டேபிளில் பேட்டர்ன் அட்டை வைத்து மார்க்கர், அதாவது வெட்டுவதற்கான கோடு, போடுவானாம். "இதும் அதாட்டத்தானுங் மிஸ்."

அதற்கப்புறம்தான் எனக்கு என் பழைய கம்பெனி ஞாபகம் வந்தது.

ஒன்பதாம் வகுப்பில் மெய்யெண்கள் பாடம். விகிதமுறா எண் என்றால் என்ன என்று வரையறை எழுதிப்போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்; பெரும்பாலும் அப்படித்தான் நகர்கிறது. அந்த வருஷம் நான் பழைய சிநேகிதி ஒருத்தியிடம் ஜி.எஸ்.எம். கட்டர் ஒன்றை இரண்டு நாளைக்குக் கடன் வாங்கி வந்தேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கும் என்பதுதான் ஜி.எஸ்.எம். டி-ஷர்ட் துணி 180 என்றால் கொஞ்சம் கனம், 140 என்றால் லேசு. திருப்பூரில் இந்த எண் தெரியாத பிள்ளை கிடையாது. கட்டர் என்பது உள்ளே பிளேடு வைத்த கனமான வட்டக் கருவி. துணி மேல் வைத்து அழுத்தித் திருகினால் சுத்தமாக ஒரு வட்டத் துண்டு கழன்று வரும். பிளேடு விவகாரம் என்பதால் வெட்டியது நான். துணி அவர்கள் கொண்டுவந்த வேஸ்ட்.

வட்டத்தைக் கையில் கொடுத்து, "குறுக்களவு என்ன?" என்றேன். ஸ்கேல் வைத்துப் பார்த்தார்கள். 11.2 என்றான் ஒருத்தன், 11.3 என்றார்கள் பலர், பனியன் துணியை இழுத்துப் பிடித்து 12 ஆக்கினான் இன்னொருத்தன். "சரி, 11.3. ஏன் இப்படி ஒரு கோணல் அளவு? பத்து இல்ல பன்னெண்டுன்னு நேரா வெச்சிருக்கலாமில்ல?" சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

"மிஷின் செஞ்சவனுக்கு அறிவில்லைங் மிஸ்" என்று முதல் பதில். போர்டில் அப்படியே எழுதினேன். சிரித்தார்கள். "இஞ்ச் கணக்கா இருக்கும்" என்று அடுத்தது. அதையும் எழுதி, இஞ்சுக்கு மாற்றிப் பார்த்தோம்: நாலரை இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் நேரான எண் இல்லை. அடித்துவிட்டோம். மூன்றாவது பெஞ்ச்சில் ஒரு பெண், அதுவரை அட்டெண்டன்ஸுக்கு மட்டும் குரல் கொடுத்தவள், மெதுவாக, "பரப்பளவு பாக்கலாங்களா?" என்றாள். பார்த்தோம். ஆரம் 5.65. வர்க்கம் 31.92. அதை 22/7-ஆல் பெருக்கினால் 100.3.

"நூறு!" என்று ரூம் முழுக்கச் சத்தம். பக்கத்து ரூம் டீச்சர் சுவரைத் தட்டினார்.

நூறு சதுர சென்டிமீட்டர். சதுர மீட்டரில் அப்படி நூறு துண்டு. ஆக ஒரு துண்டின் எடையை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். லேபில் தூசி படிந்து கிடந்த பழைய இயற்பியல் தராசைத் தூக்கி வந்து, எடைக்கல் பெட்டியிலிருந்து இடுக்கியால் மில்லிகிராம் தகடுகளை எடுத்து வைத்துப் பார்த்ததில் துண்டு 1.8 கிராம். 180. அந்த எண்ணைப் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்த நிமிஷம் அது.

பாடத்துக்கு இப்போதுதான் வந்தேன். "சரியா நூறு வரணும்னா ஆரம் எவ்வளவு இருக்கணும்?" நூறை 22/7-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க ஆரம்பித்தார்கள். 22/7 என்பதே தோராயம் என்று சொல்லி, கடைசியில் என் போனில் பை வைத்துப் போட்டுக் காட்டினேன். 5.64189... என்று போய்க்கொண்டே இருந்தது. "எப்பங் மிஸ் முடியும்?" "முடியாது." "அப்ப மிஷின் எப்படிச் செஞ்சாங்க?" 11.28-ல் நிறுத்திக்கொண்டார்கள் என்றேன். அந்த எண் முடியவே முடியாது, பிளேடு மட்டும் ஓர் இடத்தில் நின்றே ஆக வேண்டும் என்பதில் அவர்களுக்கு ஒரு கோபமே வந்தது. விகிதமுறா எண்ணுக்கு அதைவிட நல்ல அறிமுகத்தை நான் செய்ததில்லை.

மறுநாள் இன்னொரு பெண் ஒரு கேள்வியோடு வந்தாள். அவள் அம்மாவும் செக்கிங். "துவைச்சா ஜி.எஸ்.எம். ஏறுமா, எறங்குமாங் மிஸ்?" கம்பெனியில் இருந்தவள் என்பதால் எனக்கு விடை தெரியும். சொல்லவில்லை. துணி நீளத்திலும் அகலத்திலும் ஐந்து சதவீதம் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

ரூம் இரண்டாகப் பிரிந்தது. துவைத்தால் துணி நைந்து போகும், எனவே குறையும், 180-ல் ஐந்து சதவீதம் ஒன்பது, விடை 171 என்று ஒரு கட்சி. சுருங்கினால் இறுகும், எனவே ஏறும், 189 என்று எதிர்க்கட்சி. இரண்டையும் போர்டில் எழுதினேன். பேட்டர்ன் போடும் பையன் எழுந்து வந்தான். ஒரு சதுரம் வரைந்தான். பக்கம் ஒன்று. உள்ளே சின்னதாக இன்னொரு சதுரம், பக்கம் 0.95. "எடை அப்படியேதான இருக்குது? எடம்தான் கொறையுது. ரெண்டு பக்கமும் கொறையுது." 0.95-ஐ 0.95-ஆல் பெருக்கினான்: 0.9025. 180-ஐ அதால் வகுக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான், வகுத்தல் அவனுக்கு வராது. முன் பெஞ்ச் வகுத்தது. 199.4.

171-ம் இல்லை, 189-ம் இல்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் தங்கள் திசையாவது சரி என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார்கள். ஒரு பையன் வீட்டில் நிஜமாகவே துண்டைத் துவைத்துக் காயவைத்து எடுத்துவந்தான். நீளம் நன்றாகச் சுருங்கியிருந்தது, அகலம் சுருங்கவே இல்லை. கணக்குப் போட்டால் 190 பக்கத்தில் வந்தது. துணியின் நீளமும் அகலமும் ஒரே மாதிரி சுருங்காது, பின்னல் அப்படி என்று அவன் பாட்டி சொன்னதாகச் சொன்னான். பாட்டியை வகுப்புக்குக் கூட்டி வரலாமா என்று யோசித்தேன். ஹெச்.எம். சாரிடம் அனுமதி வாங்குவதை நினைத்து விட்டுவிட்டேன்.

இதை எழுதினால், ஆகா, வாழ்க்கையோடு இணைத்துக் கற்பிக்கிறார் என்று சிலர் சொல்வார்கள் என்று தெரியும். பயிற்சி வகுப்புகளில் இந்தச் சொற்றொடரைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அந்த ஜோரில் நான் அடுத்த சில வாரம் எதை எடுத்தாலும் பனியனாகவே எடுத்தேன். சதவீதம் என்றால் டேமேஜ் பீஸ், நேர்விகிதம் என்றால் பீஸ் ரேட், மணி நேரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். ஒருநாள், பரப்பளவு பார்க்கலாம் என்று முதலில் சொன்னாளே, அதே பெண்தான் கேட்டாள்: "வீட்டுலயும் பனியன், இங்கயும் பனியனுங்களா மிஸ்?"

யாரும் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி. அவள் சனி, ஞாயிறில் வீட்டில் ஜாப் ஒர்க் பிசிர் வெட்டுகிறவள். பள்ளிக்கூடம் என்பது அவளுக்கு நூல் தூசி இல்லாத இடம்.

மறுநாள் நான் போர்டில் 0.999... என்று எழுதி, முடிவில்லாமல் ஒன்பது என்று சொல்லி, "இது ஒன்றைவிடச் சின்னதா, ஒன்றேதானா?" என்று கேட்டேன். துணியும் இல்லை, காசும் இல்லை, இதனால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை. பெல் அடித்தும் சண்டை நிற்கவில்லை. அந்தப் பெண், மூன்றில் ஒன்றை 0.333... என்று எழுதி அதை மூன்றால் பெருக்கிக் காட்டினாள். மூன்றில் ஒன்று மூன்று தடவை என்றால் ஒன்றுதானே? பேட்டர்ன் பையன் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. "துளி கொறையுமுங் மிஸ், எங்கியோ துளி கொறையும்" என்று சைக்கிள் ஸ்டாண்ட் வரை வந்து வாதாடினான். எவ்வளவு குறையும் என்று சொல், ஒத்துக்கொள்கிறேன் என்றேன். இரண்டு நாள் தேடினான்.

கட்டர் வேலை செய்ததும் இது வேலை செய்ததும் ஒரே காரணத்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு நாளும் போர்டில் அடுத்து என்ன வரப்போகிறது என்பதை அவர்கள் சொன்னதுதான் தீர்மானித்தது. தப்பாகச் சொன்னாலும் அது போர்டில் ஏறியது, மற்றவர்கள் அதோடு மல்லுக்கட்டினார்கள். மற்றபடி பனியன், சார்ட், தெர்மோகோல் மாடல், வீடியோ எல்லாம் இரண்டாம்பட்சம். விசிட் வருகிறார்கள் என்றால் நாங்களும் கலர் பேப்பர் ஒட்டுவோம், பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைப்போம். வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனதும் பிள்ளைகளே பெஞ்ச்சைப் பழையபடி இழுத்துப் போட்டுவிடுவார்கள். 2025-ல் 'ப' வடிவத்தில் உட்கார வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்து பெரிய விவாதம் நடந்ததே, அப்போது எங்கள் ரூமில் பெஞ்ச்சைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். பாதிப் பேர் கழுத்தைத் திருப்பித்தான் போர்டைப் பார்க்க முடிந்தது, கதவு திறக்கவில்லை.

இன்னொரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா அம்மா ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், இருவருக்கும் நிட்டிங்கில் வேலை. எங்கள் பள்ளியில் இப்படி வகுப்புக்குச் சிலர் இருக்கிறார்கள். சின்ன வயதிலேயே வந்துவிட்டதால் பேச்சு அசல் திருப்பூர்த் தமிழ். ஆனால் மனக்கணக்கு கேட்டால் மட்டும் ஒரு கணம் தாமதித்துத்தான் சொல்வான். முதலில் மந்தம் என்றே நினைக்கத் தோன்றும். ஒருநாள் உதட்டசைவைக் கவனித்தேன். "எந்த பாஷைலடா கணக்குப் போடற?" என்றேன். கூச்சப்பட்டான். உள்ளே ஒடியாவில் கூட்டி, தமிழில் வெளியே சொல்கிறான். அதற்காகும் நேரம்தான் அந்தத் தாமதம். அந்த மூன்று விநாடி யாருக்குத் தேவைப்படுகிறது என்று எனக்கு நேரடியாகத் தெரிந்தது அப்போதுதான். இப்போது அவனை ஒடியாவிலேயே சத்தமாக எண்ணச் சொல்வேன். மற்ற பையன்களுக்கு இருபது வரை ஒடியாவில் எண்ணத் தெரியும். கபடி ஆடும்போது பாயிண்ட் அப்படித்தான் எண்ணுகிறார்கள், எதிர் டீமுக்குப் புரியக்கூடாதாம்.

எல்லா நாளும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான நாள் அட்டெண்டன்ஸை ஆப்பில் ஏற்றுவதிலும், சர்வர் சுற்றுவதைப் பார்ப்பதிலும், சிலபஸ் முடியவில்லையே என்ற கவலையிலும்தான் போகிறது. சில பீரியடில் நான் எழுதுவேன், அவர்கள் எழுதுவார்கள், "புரிஞ்சுதுங் மிஸ்" ராகம் வரும், நானும் அடுத்ததுக்குப் போய்விடுவேன்.

பேட்டர்ன் பையன் இந்த வருஷம் பத்தாவது. வடிவொத்த முக்கோணம் நடத்திக்கொண்டிருந்தேன், பக்கங்களின் விகிதம் சமமாக இருந்தால் வடிவொத்தவை என்று. கையைத் தூக்கினான். எம் சைஸ் டி-ஷர்ட்டும் எல் சைஸ் டி-ஷர்ட்டும் வடிவொத்தவையா என்று கேட்டான். மூன்றாவது பெஞ்ச் பெண் தலையில் அடித்துக்கொண்டாள், மறுபடியும் பனியன். அவன் பெரியப்பாவின் அளவுத் தாளை மனப்பாடமாகச் சொன்னான்: எம் மார்பகலம் 50, நீளம் 70. எல் 53, 72. தலையில் அடித்துக்கொண்டவளே வகுத்தும் பார்த்தாள். 0.714, 0.736.

"இல்லடா, வடிவொத்தது இல்ல" என்றாள்.

"அதானே பார்த்தேன்" என்றான் அவன். "சைஸ் ஏற ஏற அகலந்தான் ஜாஸ்தி ஏறுது. உயரமா ஒல்லியா இருக்கறவன் என்னங் மிஸ் பண்ணுவான்?" என்று எழுந்து நின்று தன்னையே காட்டினான். வகுப்பிலேயே உயரம் அவன்தான், யூனிஃபார்ம் சட்டை இடுப்பில் நிற்கவில்லை. எந்த விகிதத்தில் ஏற்றினால் அவனுக்குப் பொருந்தும் என்று நோட்டைத் திறந்து பாதிப் பேர் போட ஆரம்பித்திருந்தார்கள். தேற்றத்தின் நிரூபணம் இன்னும் பாக்கி. நாளைக்கு முதல் பீரியடில் பார்த்துக்கொள்ளலாம் என்று அழித்துவிட்டேன்.